மூன்று சிமிட்டல், பிறகு ஆறு

அரிசோனா பாலைவனத்தில் மதிய வெயில். எங்கள் மோட்டார் ஹோமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் சட்டென்று நின்றது. ஸ்டார்ட் சுவிட்சில் உள்ள சின்ன விளக்கு மூன்று முறை சிமிட்டியது. கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று.

இந்த வண்டிகளில் பரவலாகக் காணப்படும் ஓனன் ஜெனரேட்டர் தன் கோளாறைச் சிமிட்டியே சொல்லும். இரண்டு என்றால் ஆயில் அழுத்தம் குறைவு. மூன்று என்றால் உள்ளே இன்னொரு எண் காத்திருக்கிறது. ஸ்டாப்பை ஒருமுறை அழுத்தினேன். மூன்று, சிறு நிறுத்தம், ஆறு. 36! கட்டளை எதுவும் இல்லாமல் எஞ்சின் தானாக நின்றுவிட்டது. பெரும்பாலும் எரிபொருள் கிடைக்காததுதான் காரணம்.

பெட்ரோல் முள் கால் டேங்குக்குக் கீழே கிடந்தது. ‘வண்டி ஓடுகிறதே!’ என்று பலர் குழம்புவது இங்கேதான். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் எடுக்கும் குழாயை டேங்கின் அடிவரை விடமாட்டார்கள். ஏறக்குறைய கால் டேங்க் உயரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இரவெல்லாம் ஏசி ஓடினாலும், காலையில் பங்க் வரை போக வண்டிக்குப் பெட்ரோல் மிஞ்ச வேண்டுமே! எவ்வளவு அக்கறையான ஏற்பாடு.

பெட்ரோல் போட்டதும் ஜெனரேட்டர் ஓடியது. விளக்கு சிமிட்டினால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் எண்ணிப் பாருங்கள்.