குதிரையின் குளம்பும் வளர்ப்பவர் பொறுப்பும்



குதிரையின் நெற்றிமுடியோடு மறுமை நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். பிள்ளைகளும் குதிரையைக் கண்டால் அந்த முடியைத்தான் ஆசையோடு தடவுகின்றார்கள். ஆனால் காலைத் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்ப்பவர் மிகச் சிலரே. குதிரை நொண்டும்போது நோய் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இணுவிலில் குதிரை ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனினும் இங்கிருந்து யாழ்ப்பாணம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குச் சென்று படகேறினால், சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நெடுந்தீவை அடையலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் அங்கே இன்றும் காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. அவற்றின் குளம்பைச் சீவுவார் எவருமில்லை. முருகைக்கல் நிறைந்த கரடான தரையில் நாள்தோறும் நடப்பதால் அது தானாகவே தேய்கின்றது. வறட்சியில் குடிநீரின்றி அவை படும் துன்பம் வேறு கதை.

கட்டிவைத்து வளர்க்கும் குதிரைக்கு இந்த வசதி இல்லை. அதன் நடையையும் தரையையும் தீர்மானிப்பவர் வளர்ப்பவரே. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீக வணிகர் குதிரைகளை இறக்கினர். கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் பராமரிப்புத் தெரியாமையால் இறந்தன என்கிறார் மார்க்கோ போலோ. லாடம் அடித்துக் குதிரைக்கு வைத்தியமும் பார்ப்போர் அங்கே இல்லை என்றும், விற்பனை குறையாதிருக்க வணிகரே அத்தகையோரை வரவிடாமல் தடுத்தனர் என்றும் அவர் கூறுகின்றார். அது உண்மையாயின், நம்மவரின் வணிகப் பெருமையைப் பேசும்போது இதனையும் மறைக்காமல் பேசுவதே நேர்மை.

இனி நோய்க்கு வருவோம். குளம்பின் அடியில், குதிக்காற் பக்கமிருந்து முன்னோக்கி ஒடுங்கிச் செல்லும் முக்கோண வடிவான ஒரு பகுதி உண்டு. தொட்டால் இறப்பர் போலிருக்கும். குதிரை காலூன்றும்போது அதிர்ச்சியைத் தாங்குவதும், காலிலுள்ள இரத்தம் மேலேறத் துணைசெய்வதும் அதன் பணிகளாகும். அதன் நடுவிலும் இரு பக்கங்களிலும் பள்ளங்கள் உள்ளன. சாணமும் சேறும் அவற்றில் அடைந்து காற்றுப் புகாமற் போனால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் அங்கே பெருகுகின்றன. சிறுநீரில் ஊறிய தரை குளம்பை மென்மையாக்கி அவற்றுக்கு வழிதிறக்கின்றது. கறுத்த கசிவும் மூக்கைத் துளைக்கும் துர்நாற்றமுமே அடையாளம். பெரும்பாலும் நாற்றம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். குதிரை நொண்டத் தொடங்கினால் அழுகல் உள்ளே உயிர்த்தசை வரை சென்றிருக்கலாம்.

தடுப்பது கடினமன்று, நாள் தவறாமல் செய்வதே கடினம். குதிரையின் தோளருகே, அதன் வாற்பக்கம் பார்த்து நின்று, கையைக் கால்வழியே மெல்லக் கீழே இறக்கிக் குளம்பைத் தூக்குங்கள். முனை மழுங்கிய கொக்கியால் குதிக்காலிலிருந்து முன்னோக்கித் தோண்டி அழுக்கை எடுங்கள். பள்ளங்களைத் தூரிகையால் துடையுங்கள். நான்கு கால்களையும் பார்க்க வேண்டும். பின்கால்களுக்கு நேர்பின்னே ஒருபோதும் நிற்கலாகாது. சிறுவர்கள் பெரியவர் துணையின்றி இதனைச் செய்யக் கூடாது.

கொட்டில் தரை உலர்ந்திருக்கட்டும். நனைந்த வைக்கோலை அன்றன்றே அகற்றுங்கள். நாள்தோறும் நடக்க விடுங்கள். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் வரை வளர்வதால், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை பழகிய கைகளால் சீவப்பட வேண்டும். நோய் கண்டுவிட்டால் கூரிய கத்தியால் நீங்களே வெட்டாதீர்கள். மயில்துத்தத்தை அள்ளிப் போடுவதும் நல்ல தசையை எரித்துவிடும். கழுவி, நன்றாக உலர்த்தி, உலர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கால்நடை வைத்தியரை அழையுங்கள். குதிரைக்கு ஏற்புவலி நோய் மிக எளிதில் தொற்றும். ஆகவே அதற்கான தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்பதையும் அவரிடம் கேட்டறியுங்கள்.

குதிரை இல்லாத வீட்டில் ஆடோ மாடோ இருக்கலாம். அவற்றின் குளம்பழுகல் நோய் சற்று வேறானது. ஆட்டு மந்தையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கும் பரவும். ஆயினும் அதற்கும் ஈரமே வாசல். ஐப்பசி, கார்த்திகை மாரியில் இணுவிற் செம்மண் குளம்புப் பிளவில் அப்பிக்கொள்ளும். அந்த நாட்களில் மாலையில் பட்டியை அடைக்குமுன் ஒவ்வொன்றின் காலையும் தூக்கிப் பார்த்து மண்ணை எடுத்துவிடுங்கள். கட்டும் இடத்தைச் சற்று மேடாக்கிக் கொடுங்கள்.