பலாலியிலிருந்து சென்னைக்கு

யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 355 கிலோமீற்றரே. மணிக்கு 500 கிலோமீற்றர் செல்லும் விமானத்திற்கு முக்கால் மணி போதுமென்று கணக்குச் சொல்லும். ஆயினும் மேலெழும்பும்போதும் கீழிறங்கும்போதும் அவ்வேகம் கிட்டுவதில்லை. ஓடுபாதைக்கு நேராகத் திரும்பவும் நேரம் வேண்டும். ஆகவே பயணம் ஒரு மணிக்குச் சற்று மேற்படும்.

1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதல் விமானம், இரத்மலானையிற் புறப்பட்டுக் காங்கேசன்துறையிலே தரித்துச் சென்னை சென்றது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இவ்வழி அடைபட்டது. 2019 நவம்பரில் மீண்டும் திறக்கப்படும்வரை, சென்னையில் வைத்தியம் பெற விரும்பிய வடபகுதி நோயாளர் பலர், முதலில் எதிர்த்திசையிலே, தெற்கே 350 கிலோமீற்றருக்கு மேல் தெருவழியே சென்று கட்டுநாயக்காவை அடைந்தனர். அங்கிருந்து சென்னைக்கு இன்னும் 650 கிலோமீற்றர். அதில் ஏறத்தாழப் பாதி, விட்டுவந்த ஊரின் நேருக்குத் திரும்பி வருவதிலேயே கழிந்தது.