மின்சாரம் பாய்ந்தால் மறையும் மாயாவி!

காற்றில் ஓர் இரும்புக் கை மிதந்து வருகிறது. ஆளைக் காணோம்! அந்தக் கை கதவைத் திறக்கிறது, துப்பாக்கியைப் பறிக்கிறது. எதிரிகள் அலறி ஓடுகிறார்கள்.

இவர்தான் இரும்புக்கை மாயாவி! சிவகாசியில் சவுந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1972-ம் ஆண்டு வெளியிட்ட முதல் புத்தகமே இவருடைய கதைதான்.

மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். 1962-ல் "வேலியண்ட்" என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் இந்தப் படக்கதை தொடங்கியது. படம் வரைந்தவர், ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ.

கை போன கதை

லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளர். சோதனைச் சாலை விபத்தில் வலது கையை இழந்தார். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தினார்கள். பிறகு ஒரு நாள் அவர் மீது கடும் மின்சாரம் பாய்ந்தது. உடல் மறைந்தது. இரும்புக் கை மட்டும் தெரிந்தது!

முதலில் அந்தச் சக்தியை அவர் தீய வழியில் பயன்படுத்தினார். பிறகு திருந்தினார். ரகசியப் படையில் சேர்ந்து கொடியவர்களை வேட்டையாடினார்.

மந்திரத்தாலும் மாய மையாலும் மறைகிறவர்களை நம் பாட்டி கதைகளில் கேட்டிருக்கிறோம். மாயாவிக்கு மந்திரம் வேண்டாம். சுவரில் உள்ள பிளக்கில் விரலை வைத்தால் போதும். வீட்டு விளக்கை எரிக்கும் மின்சாரமே அவருக்கு மந்திரம்! சிறுவர்கள் சொக்கிப் போனதில் வியப்பு என்ன?

நடக்குமா?

நடக்காது. ஒரு பொருள் மீது பட்ட ஒளி நம் கண்ணுக்கு வந்தால்தான் அந்தப் பொருள் தெரியும். மறைந்த மனிதனின் உடலில் ஒளி நிற்காது; ஊடுருவிப் போய்விடும். அவன் கண்ணிலும் நிற்காது. பிறகு அவன் எப்படிப் பார்ப்பான்? பட்டப்பகலிலும் அவனுக்கு எல்லாம் இருட்டுதான்!

மின்சாரமோ உயிரைக் குடிக்கும். சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரெயில் ஓடுகிறது. இன்று அந்தப் பாதையின் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. தொடவே வேண்டாம், மிக அருகில் போனாலே பாய்ந்துவிடும். ரெயில் கூரையில் ஏறுகிறவன் மாயாவி ஆகமாட்டான்; மாண்டு போவான்!

அதற்காகப் பிள்ளையின் கையில் இருக்கும் படக்கதையைப் பிடுங்க வேண்டாம். "இது நிஜமா அப்பா?" என்று அவன் கேட்பான். அப்போது பக்கத்தில் உட்கார வைத்து, எது கதை, எது உண்மை என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வியில்தான் விஞ்ஞானம் பிறக்கிறது.