முதலில் மீசையைப் பாருங்கள்

2020 மே மாதக் கடைசியில், கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்த பூச்சிகளின் படங்கள் கைப்பேசி கைப்பேசியாகப் பரவின. வடமாநிலங்களில் பயிர்களைத் தின்றுகொண்டிருந்த பாலைவன வெட்டுக்கிளி இங்கேயும் வந்துவிட்டதோ என்று உழவர்கள் கலங்கினார்கள். வேளாண் அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்து, இவை உள்ளூர் வகைதான் என்று தெளிவுபடுத்தினார்கள்.

அந்தக் கலக்கத்துக்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. தாவுகிற பூச்சியையெல்லாம் ஒரே பெயரால் அழைத்தே பழகிவிட்டோம். பிரித்தறிவது பெரிய வித்தையும் இல்லை. சிங்காநல்லூர் குளக்கரையில் அரைமணி நேரம் நின்றால் போதும். கோவை மாநகராட்சி 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த குளம் இது. மழைக்குப் பிறகு கரைப் புல்லில் கால் வைத்தால் நாலாபுறமும் பூச்சிகள் தெறிக்கும்.

ஒன்று உட்கார்ந்ததும் மீசையைப் பாருங்கள். தலைக்கு முன்னால் குட்டையாக, சற்றே தடித்து நின்றால் அது வெட்டுக்கிளி. பகலில் புல் மேய்வது. உடம்பைவிட நீளமாக, நூல்போல் வளைந்து ஆடினால் அது சுவர்க்கோழியின் கிளை. இலையோடு இலையாக ஒளிந்திருக்கும் நெடுமீசைப் பச்சைப் பூச்சியும் இந்தக் கிளைதான். மண்வெட்டி போன்ற முன்னங்காலால் ஈரமண்ணில் வளை தோண்டும் பிள்ளைப்பூச்சிக்கு மீசை சற்றுக் குட்டை; ஆனாலும் அது சுவர்க்கோழிக்கே பங்காளி.

மீசைக்கு அடுத்தது காது. வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றின் பக்கவாட்டில், இறக்கைக்கு அடியில் இருக்கிறது. சுவர்க்கோழிக்கோ முன்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே! ஒலி எழுப்பும் விதமும் வேறு. பல வெட்டுக்கிளிகள் பின்னங்காலை இறக்கையில் தேய்க்கும். சுவர்க்கோழி ஓர் இறக்கையை மற்றொன்றின்மேல் தேய்க்கும். பாடுவது பெரும்பாலும் ஆண். துணையை அழைக்கத்தான் அவ்வளவு பாடும். தென்னிந்தியாவில் வாழும் மரச் சுவர்க்கோழி ஒன்று இலையில் ஓட்டை போட்டு, அதில் உடம்பை நுழைத்து நின்று பாடும். இலை ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது. உருவத்தில் சிறிய, குரல் மெலிந்த ஆண்களே இதை அதிகம் செய்கின்றன என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு கண்டறிந்து, 2020-இல் வெளியிட்டது. இத்தனை சிறிய உயிருக்குள் இப்படி ஓர் உபாயம் இருப்பது என்னை இன்னமும் வியக்க வைக்கிறது.

உழவருக்கு முக்கியமானது முட்டை. வெட்டுக்கிளிகள் பெரும்பாலும் வயிற்று நுனியால் மண்ணைத் துளைத்து, நுரையோடு முட்டைக் கூட்டைப் புதைக்கும். கொங்குக் காட்டில் நம் பெரியவர்கள் விடாமல் ஓட்டிய கோடை உழவு, அந்தக் கூடுகளை வெயிலுக்கும் பறவைகளுக்கும் எடுத்துக் கொடுத்தது. மருந்துச் செலவு இல்லாத அந்தக் காவலை நாம் கைவிடக் கூடாது.

பாலைவன வெட்டுக்கிளியும் இதே குட்டைமீசைக் குடும்பம்தான். தனியாக வாழும்போது சாதுவாக இருக்கும். நெருக்கடி கூடும்போது நிறமும் குணமும் மாறிக் கூட்டம் சேரும். தனித்துத் திரிவதும் கூட்டமாகப் படையெடுப்பதும் ஒரே இனமே என்பதை வெட்டுக்கிளிகளில் முதலில் விளக்கியவர் போரிஸ் உவரோவ், ஆண்டு 1921. ஆகவே எருக்கில் நாலு பூச்சி கண்டதும் படையெடுப்பு என்று நினைக்க வேண்டியதில்லை. மஞ்சளும் நீலப்பச்சையுமாகப் பட்டை போட்ட எருக்கு வெட்டுக்கிளி, எருக்கின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்து, பிடித்தால் பீச்சியடிக்கும். குழந்தைகளிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

உறவே இல்லாமல் இந்தக் கூட்டத்தில் சேர்க்கப்படுபவையும் உண்டு. மரத்தில் காது கிழியக் கத்தும் சில்வண்டும், நெல்லில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியும் மூட்டைப்பூச்சி வகையறா. கடித்துத் தின்னும் வாயே அவற்றுக்குக் கிடையாது. முன்னங்கால்களை மடித்து நிற்கும் கும்பிடுபூச்சிக்குக் கரப்பான்தான் நெருங்கிய சொந்தம். அது இலையைத் தொடாது. பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், வெட்டுக்கிளி உட்பட. இதைத் தெரியாமல் அடித்துக் கொல்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வேலியிலோ குச்சியிலோ பழுப்பு நிறத்தில், காய்ந்த நுரைபோல ஒட்டியிருக்கும் கூடு அதன் முட்டை. களையெடுக்கும்போது அந்தக் குச்சியை மட்டும் ஒடிக்காமல் விட்டுவிடுங்கள்.