புயலின் பலம் மையத்தில் மட்டும் இல்லை

1987 அக்டோபர் 15 நள்ளிரவு தாண்டித் தென் இங்கிலாந்தைத் தாக்கிய புயலில் அங்கே 18 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. அதன் மையத்தில் காற்றழுத்தம் சுமார் 953 ஹெக்டோபாஸ்கல். இது குறையக் குறையப் புயல் வலுவானது என்பது பொதுக் கணக்கு. 1993 ஜனவரியில் வட அட்லாண்டிக்கில் உருவான இன்னொரு புயலில் அது 914 வரை இறங்கியது; ஆனால் கரையில் 1987 அளவுக்குச் சேதம் இல்லை. ‘அது நடுக்கடலில் சுழன்றது, சாய மரமேது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே ஒரே புயலுக்குள் பார்ப்போம். 1987-இல் சேதம் மையத்தைச் சுற்றிச் சமமாகப் பரவவில்லை. அது கடந்த பாதைக்குத் தென்கிழக்கே குவிந்தது. மையத்தின் அழுத்தத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

வங்கக்கடல் புயலுக்குக் கடலின் சூடு தீனி; அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயலுக்கோ வெப்பக் காற்றுக்கும் குளிர்காற்றுக்கும் உள்ள வேற்றுமையே தீனி. அதனுள் மூன்று காற்றோட்டங்களைப் பிரித்தறியலாம். முதலாவது, தெற்கிலிருந்து மேலேறும் வெப்ப ஓட்டம். வேகம் அதிகம், ஆனால் தரையை ஒட்டிய குளிர்ந்த அடுக்கு பெரும்பாலும் அதைக் கீழே விடாது. இரண்டாவது, தாழ்வாக மையத்தின் வடபுறம் சுற்றி வரும் குளிர் ஓட்டம். தென்புறம் வளைந்ததும் அதன் திசையும் புயல் நகரும் திசையும் ஒன்றாகி, வேகம் கூடுகிறது. மூன்றாவதுதான் ‘ஸ்டிங் ஜெட்’. மையத்தைச் சுற்றிக் கொக்கிபோல வளையும் மேகத்தின் நுனியில், மூன்று நான்கு கிலோமீட்டர் உயரத்திலிருந்து, தேள் கொடுக்கைப் போல இறங்குவது. அகலம் சில பத்துக் கிலோமீட்டர், ஆயுள் மூன்று நான்கு மணி நேரம். 1987 புயலை மறு ஆய்வு செய்து 2004-இல் இதை விளக்கியவர் வானிலை ஆய்வாளர் கீத் பிரவுனிங். சரியாக எச்சரிக்கவில்லை என்று, தொலைக்காட்சியில் வானிலை சொன்ன மைக்கேல் ஃபிஷ் மீது ஊரே பின்னர் பழிபோட்ட அந்த 1987 இரவில், இப்படியொரு ஓட்டத்துக்குப் பெயர்கூட இல்லை.

உதிரும் பனியும் மழையும் ஆவியாகிக் காற்றைக் குளிர்வித்துக் கனமாக்குவதால்தான் ஸ்டிங் ஜெட் இறங்குகிறது என்பது பிரவுனிங் தரப்பு. அந்தக் குளிர்ச்சியைக் கணினி மாதிரியிலிருந்து நீக்கியும் காற்று பெரிதாகத் தணியவில்லை என்று மறுப்போர் உண்டு. தரையில் வீசும் கடுங்காற்றை விளக்கக் குளிர் ஓட்டமே போதும் என்பாரும் உண்டு. 2011 டிசம்பர் 8 அன்று ஸ்காட்லாந்தைத் தாக்கிய ஃப்ரீட்ஹெல்ம் புயலுக்குள் ஆய்வு விமானமே பறந்தது. அந்தத் தரவில் குளிர் ஓட்டம், ஸ்டிங் ஜெட் இரண்டின் பங்கும் தெரிந்தது. எது தள்ளிவிட்டாலும், தரையருகே காற்று நிலையாகப் படிந்திருந்தால் மேலே உள்ள வேகம் மேலேயே நின்றுவிடும்; அது கலங்கியிருந்தால் கூரை பறக்கும். ஆகவே, மைய அழுத்தத்தை மட்டும் சொல்லும் எச்சரிக்கை அரைகுறை. எந்தப் பட்டையில், எந்த மணி நேரத்தில் காற்று இறங்கும் என்பதையும் அது சொல்லியாக வேண்டும்.