பழைய பாக்கிக்கு மோட்டாரைப் பிடித்து வைக்கலாமா?

நெல்லுக்குத் தண்ணீர் கட்டும் நேரத்தில் மோட்டார் எரிந்துபோகும். காயில் கட்டிய பட்டறைக்காரரோ, "போன வருடத்து பாக்கியையும் கொடுத்தால்தான் மோட்டார்" என்பார்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872), பிரிவு 170-ன்படி, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை அந்தப் பொருளை அவர் வைத்துக்கொள்ளலாம். நியாயம்தான், உழைத்திருக்கிறாரே! ஆனால், நீங்கள் தெளிவாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, பழைய பாக்கிக்காகப் பிடிக்க முடியாது. இந்த வேலைக்கான பணத்தைக் கொடுத்து, ரசீதோடு மோட்டாரைக் கேளுங்கள்.

கடனுக்குச் செய்வதாக ஒப்புக்கொண்டால் அந்த உரிமையும் போய்விடும். சட்டத்திலேயே உதாரணம் உண்டு: தைத்தவுடன் கோட்டைக் கொடுத்து, பணத்துக்கு மூன்று மாதத் தவணை தருவதாகச் சொன்ன தையற்காரர், கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. ஆகவே, 'பணம் அறுவடைக்குப் பிறகு' என்று பேசினால், மோட்டாரை இறக்கும்போதே சீட்டில் எழுதி வாங்குங்கள். சீட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் நிபந்தனையையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.