ஃபார்மட் செய்வதற்கு முன்...

கடவுச்சொல்லைத் தட்டுகிறோம். கணினி 'வெல்கம்' என்கிறது. முகப்புத் திரை வருவதற்குள் பட்டென்று அணைந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்றாவது தடவையும் இப்படியே ஆனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "ஃபார்மட் பண்ணிடலாம்."

கடைக்காரருக்கு அது வேகமான வழி. ஆனால் உள்ளே இருப்பது அவர் வீட்டுப் படங்கள் இல்லையே!

கிள்ளானில் அண்ணன் வீட்டில், தீபாவளிக்கு 2 வாரம் இருக்கும்போது இதுதான் நடந்தது. அண்ணி பலகாரம் செய்து விற்பவர். யாருக்கு எத்தனை டப்பா முறுக்கு, யார் முன்பணம் கொடுத்தது எல்லாம் அந்த மேசைக் கணினியில்தான். "கணக்கு மொத்தமும் போயிடும்னு சொல்றாங்கம்மா. நீ ஒரு தடவை வந்து பாரேன்" என்றார் தொலைபேசியில்.

நான் வானொலியில் பேசுகிறவள், கணினிப் பொறியாளர் இல்லை. ஆனால் ஊடகப் படிப்பில் ஒலித்தொகுப்பு அறைக் கணினிகளோடு மல்லுக்கட்டிய பழக்கம் உண்டு. அங்கே கற்ற முதல் பாடம், எந்த இடத்தில் நின்று போகிறது என்று பார்ப்பது.

கடவுச்சொல் கேட்கும் திரையில் அரை மணி நேரம் விட்டு வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே நுழைந்தால் மட்டும்தான் சிக்கல். நுழைந்த பிறகுதான், தானாகத் தொடங்கும் செயலிகள் வரிசையாக எழுகின்றன; திரையை இயக்கும் கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் வேலை கூடுகிறது. சந்தேகம் அங்கேதான்.

அடுத்தது 'சேஃப் மோடு'. கடவுச்சொல் திரையின் மூலையில் இருக்கும் பவர் குறியைத் தட்டி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', பிறகு 'ரீஸ்டார்ட்'. வரும் பட்டியலில் 4 என்ற எண். சில கணினிகள் இடையில் 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். பின் எண்ணை ஏற்காவிட்டால் முழுக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

சேஃப் மோடில் அண்ணியின் கணினி அசையாமல் நின்றது. விண்டோஸ் அதில் அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றுகிறது. பழுது பார்ப்பதை அப்படியே நிறுத்திவிட்டு, முதலில் கணக்கையும் பிள்ளைகளின் படங்களையும் பென்டிரைவில் நகலெடுத்தோம். அண்ணி அதற்குப் பிறகுதான் டீ போடப் போனார்.

அதே பட்டியலில் 9 என்ற எண்ணும் உண்டு. விண்டோஸ் நிலைகுலைந்தால் தானாக மறுபடி தொடங்குவது அதன் இயல்பு. அதனால் பிழைச் செய்தியைப் படிக்க நேரமே கிடைக்காது. 9 அந்தப் பழக்கத்தை அந்த ஒரு முறைக்கு நிறுத்தும். பிழைத்திரை நின்றது; அதில் கிராஃபிக்ஸ் டிரைவர் கோப்பின் பெயர் இருந்தது. முந்தின வாரம்தான் விளையாட்டுக்காக அதை மகன் புதுப்பித்திருந்தான். மறுபடி சேஃப் மோடில் நுழைந்து, 'டிவைஸ் மேனேஜரில்' 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பியதும் சரியானது. பையன் அன்று என் கண்ணில் படவே இல்லை!

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. அன்று பல இடங்களில் செய்ததும் சேஃப் மோடில் நுழைந்து கெட்டுப்போன கோப்பை அழித்ததுதான்.

சேஃப் மோடிலும் அணைந்து எழுந்தால், விண்டோஸே தொடங்காத பயோஸ் திரையில்கூட நிற்காவிட்டால், அது பெரும்பாலும் வன்பொருள் கோளாறு. நீட்டிப்புக் கம்பியை விட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பாருங்கள். விசிறியில் அடைத்த தூசியையும் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பவர் சப்ளை அல்லது ரேம். அப்போது கடைக்குப் போகத்தான் வேண்டும். "ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பவர் சப்ளையையும் ரேமையும் சோதியுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.